குறிகட்டுவான் இறக்கம்

நேர்முகத்தில் நான் சொன்ன பொய் ஒரே ஒரு சொல்தான். ‘ஓம்.’

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தீவுப்பகுதியில் பாழடைந்து கிடந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க ஒரு நிறுவனம் வந்து, வேலணையில் கந்தோர் திறந்து, சாரதி தேடியது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலைநாட்டு ஹட்டன் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கந்தோரில் எல்லோரும் மிஸ் என்றார்கள், நானும் மிஸ் என்றேன்.

“மலை ரோட்டுல ஓட்டின அனுபவம் இருக்குங்களா?”

“ஓம், மிஸ்.”

மலைநாட்டுக்கு நான் போனது உண்மை. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸில் போனேன். கண்டி தாண்டியதிலிருந்து ஒரு கடதாசிப் பைக்குள் முகத்தை வைத்திருந்தபடியால் மலையை நான் பார்க்கவில்லை. மலைதான் என்னைப் பார்த்திருக்கும்.

மூன்று மாதம் ஓட்டட்டும், பிறகு நிரந்தரக் கடிதம் தருவதா என்று பார்க்கலாம் என்றார்கள். நான் அந்த ‘பிறகு’வைக் காதில் வாங்காமல் அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே என் மொறிஸ் மைனரை விற்றுவிட்டேன். வாங்கியவர் இயந்திரத்தைக் கழற்றித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பூட்டினார். மிச்ச உடம்புக்குள் அவருடைய மனைவி கோழி அடைத்தார். ஆகவே வேலை போனால் திரும்பிப் போய் வாடகைக்கு ஓடலாம் என்ற கதைக்கே இடமில்லை. சாரதி இருக்கையில் இப்போது ஒரு பேடு அடைகிடந்தது. என் மனைவியோ நிரந்தரக் கடிதம் வந்துவிட்டதாகவே எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தாள்.

அந்த மொறிஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். சண்டையால் பெற்றோல் மருந்துபோல் துளியாய்க் கிடைத்த காலத்தில் நாங்கள் எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடினோம். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகையை இழுத்துக்கொண்டு போவோம். அந்த ஓட்டத்தில் ஒரு சாரதியின் கெட்டித்தனம் வேகத்தில் இல்லை, இறக்கத்தில் இருந்தது. மதகு ஏறி இறங்கும்போது, கடலுக்கு நடுவே போகும் தாம்போதித் தெருவின் முதுகு சரியும்போது, கியரை உருவி நியூற்றலில் விட்டுவிட வேண்டும். வண்டி தன் பாட்டில் உருளும், அவ்வளவு தூரமும் எண்ணெய் மிச்சம். எந்த மதகிலிருந்து எந்தச் சந்திவரை உருட்டலாம் என்று ஒரு பிளேன்ரீக்குப் பந்தயம் பிடிப்போம். பத்து வருடம் இதைச் செய்தால், பாதை ஒரு சாண் சரிந்தாலே இடக் கை கியருக்குப் போய்விடும். மூளையிடம் கேட்காது.

கந்தோர் ஜீப்போ வேறு உலகம். புத்தம் புதிது. வழிகாட்டிப் புத்தகம் தேவாரத் திரட்டு அளவு தடிப்பு, அதுவும் இங்கிலீசில். நான் படம் பார்த்துப் படித்தேன். முன்பலகையில் ஒரு பொத்தானில், காருக்குப் பின்னால் இரண்டு பாம்பு நெளிவது போன்ற படம். நாலு சில்லில் ஒன்று வழுக்கினால் அந்தப் படத்தில் விளக்கு மினுங்கும்; ஜீப் தானே வேகத்தைக் குறைத்து, வழுக்குகிற சில்லை மட்டும் பிடித்து நேராக்கும். பாம்பு என்றால் எனக்கு நயினாதீவு நாக அம்மாள் கோயில். ஆகையால் அந்த விளக்கு எப்போது மினுங்கினாலும் “நயினை அம்மாளே!” என்று வாய் தானாகக் கத்திவிடும். இன்னொரு பொத்தானில் சரிவில் நிற்கும் கார். அது இறக்கத்துக்கு. முதலாம் கியரில் போட்டு அந்தப் பொத்தானை அமத்திவிட்டுக் காலை எடுத்தால், ஜீப் தன் பிறேக்கைத் தானே பிடித்துப் பிடித்து ஆமைபோல் இறங்கும். தீவுப்பகுதியில் ஆக உயர்ந்த இடம் பனைமரத்து உச்சி வட்டு. அங்கே ஜீப்பை ஏற்றப் போவதில்லை என்பதால் இந்தப் பொத்தானைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

பாம்புப் பொத்தான்தான் முதலில் மானத்தை வாங்கியது. சாட்டிக் கடற்கரை மணலில் சில்லுப் புதைந்தது. நான் அக்சிலேற்றரை அமத்த அமத்த இயந்திரம் ஊமையானது. ஜீப் செத்துவிட்டது என்று நினைத்து இறங்கி, பொனற்றில் கையை வைத்து நின்றேன். மிஸ் கண்ணாடியை இறக்கி, “அண்ணே, மணல்ல அந்தப் பொத்தானை நிப்பாட்டி வைக்கணும். சில்லு கொஞ்சம் சுத்தினாத்தான் வெளிய வரும். அது சுத்த விடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்குது” என்றார். நிப்பாட்டி, சில்லில் காற்றைக் குறைத்துவிட்டு ஓட்டினேன், வந்தது. “தெரியும் மிஸ், உங்களுக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்” என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் முடிகிற கிழமை, ஜீப்பை நெடுந்தீவுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. “இந்தப் பயணம் முடியட்டும் அண்ணே, கடிதத்தைப் பத்திப் பேசுவோம்” என்றார் மிஸ்.

குறிகட்டுவானில் பாதை காத்து நின்றது. வாகனம் ஏற்றும் தட்டைப் படகைத் தீவுப்பகுதியில் பாதை என்றுதான் சொல்வது. துறையின் ஓரத்தில் கொங்கிறீற் சரிவு ஒன்று கடலுக்குள் இறங்குகிறது, அதன் அடியில் பாதையின் இரும்புப் பலகையைப் போட்டிருந்தார்கள். கடல் வற்றியிருந்தது. பெருக்கு நேரத்தில் பாதை உயர்ந்து நிற்கும், சரிவு ஒன்றுமில்லாததாகத் தெரியும். வற்றில் பாதை கீழே போய், சரிவு முழுக்கப் பச்சைப் பாசியோடு வெளியே வந்திருந்தது. நீளம் இருபது யார்கூட இராது. எனக்கு அது நுவரெலியா.

பாதையை ஓட்டுகிறவர் ஊர்காவற்றுறைக்காரர், கழுத்தில் அந்தோனியார் படம். பாதையில் ஏற்கெனவே எங்கள் கந்தோருக்கான பெரிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று, வெறும் தாங்கி, கயிற்றால் கட்டி நின்றது.

“வாரும் வாரும்! தண்ணி இன்னும் வத்தமுன்னம் இறக்கும்!” என்று அவர் கீழே நின்று கையைக் காட்டினார்.

“அண்ணே, மலைப் பொத்தானை அமத்துங்க” என்றார் பக்கத்தில் இருந்த மிஸ்.

அமத்தினேன். முதலாம் கியர். காலை எடுத்தேன். ஜீப் ‘கர்ர் கர்ர்’ என்று முனகிக்கொண்டு, முழங்கால் வருத்தக்காரன் படி இறங்குவதுபோல் இறங்கத் தொடங்கியது. நாலு யார் தூரம் நல்லாய்ப் போனது. நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புக் கூடச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் இடக் கால் கிளச்சை மிதித்தது, இடக் கை கியரை உருவியது. நான் சொல்லவில்லை. சத்தியமாய் நான் சொல்லவில்லை.

முனகல் நின்றது. பத்து வருடம் எனக்குச் சங்கீதமாய் இருந்த அதே அமைதி. மலை விளக்கு மினுங்கி, ‘என்னால் ஏலாது, நீயே பார்’ என்று கைவிட்டது. ஜீப் உருளத் தொடங்கியது. பிறேக்கை மிதித்தேன். பாசியில் சில்லு வழுக்க, பிறேக் மிதி ‘டகடகடக’ என்று என் காலைத் திருப்பி உதைத்தது. வழுக்கும்போது சில்லு பூட்டுப்படாமல் இருக்க அது செய்கிற வேலைதான் அது, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. அந்த நேரம் புத்தகம் நினைவுக்கு வரவில்லை. பிறேக் உடைந்துவிட்டது என்று நினைத்து, மேலும் உடையாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் காலை எடுத்துவிட்டேன்.

“நயினை அம்மாளே!”

ஊர்காவற்றுறைக்காரர் பக்கவாட்டில் பாய்ந்தார். ஜீப் இரும்புப் பலகையில் ‘டமார்’ என்று ஏறிப் பாதைக்குள் போனது. காய்ந்த தட்டில் நான் திரும்பவும் மிதிக்க, சில்லு பிடித்தது. ஆனால் மூக்கு போய்த் தாங்கியைத் தொட்டுவிட்டது. வெறும் தாங்கி. ‘டொம்ம்ம்’ என்ற சத்தம் நயினாதீவுவரை கேட்டிருக்கும். துறையில் நயினாதீவுப் படகுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“என்ன காணும், தவில் மேளச்சமாவோ?” என்று எழுந்து வந்தார் ஊர்காவற்றுறைக்காரர். “அம்மாளைக் கூப்பிட்டீர், அவ தாங்கியில இடிச்சு நிப்பாட்டினவ. அந்தோனியாரைக் கூப்பிட்டிருந்தா மேலேயே நிப்பாட்டியிருப்பார்.”

தாங்கிக்கு ஒன்றுமில்லை. ஜீப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை. மிஸ் கையில் இருந்த தேத்தண்ணிப் போத்தலை மூடி, மடியில் வைத்தார். பாதை புறப்பட்டது.

கதவைத் திறந்து இறங்கினேன். நான் ஜீப்பைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சில்லையும் குனிந்து பார்த்து, வைத்தியர்போல் தலையை ஆட்டினேன். பிறகு வந்து சொன்னேன்:

“ஜீப்பிலதான் பிழை, மிஸ். பொத்தான் வேலை செய்யேல்லை. பிறேக்கும் உதைக்குது.”

மிஸ் கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பேனையைத் திறந்தார்.

“அப்படின்னா நாளைக்கே இதைக் கொழும்புக்கு அனுப்பணும். பாத்துட்டுத் திரும்பி வர ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் நெடுந்தீவுக் கிணறு வேலை நிக்கும். ஜீப் இல்லாம சாரதியும் தேவைப்படாது.” பேனை காகிதத்துக்கு மேலே நின்றது. “எழுதட்டுங்களா அண்ணே? ஜீப்ல பிழைன்னு?”

ஊர்காவற்றுறைக்காரர் சுக்கானைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி வானத்தைப் பார்ப்பவருக்குக் காது எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஜீப்பைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சொன்னபடி இறங்கியது அது, கியரை உருவியது நான். கொழும்பில் நாலு பேர் அதைக் கழற்றிப் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்று எழுதுவார்கள். அந்த இரண்டு மாதமும் நெடுந்தீவுச் சனம் உவர்த் தண்ணீர் குடிக்கும். நானோ கோழியிடம் போய் இருக்கையைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

“எழுதாதேங்கோ மிஸ்” என்றேன். “நியூற்றலில விட்டனான்.”

“ஏன்?”

“எண்ணெய் மிச்சம்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று காதில் விழுந்தது. ஊர்காவற்றுறைக்காரரின் தோள் குலுங்கத் தொடங்கியது. வாய் திறந்துவிட்டபடியால் மிச்சத்தையும் கொட்டிவிட்டேன்.

“மலைநாட்டில நான் ஒருநாளும் வாகனம் ஓட்டினதில்லை, மிஸ். ஒருக்காப் போனனான். பஸ்ஸில. சத்தி எடுத்துக்கொண்டு.”

மிஸ் பேனையை மூடினார். “நேர்முகத்துக்கு நாலு பேர் வந்தாங்க. நாலு பேருமே மலையில ஓட்டினதாத்தான் சொன்னாங்க. நீங்க மட்டும்தான் சொல்லும்போது வாந்தி வர்ற மாதிரி முகம் பச்சையானீங்க.” பிறகு சிரிக்காமலே சொன்னார்: “நீங்க கியருக்குப் போனதை நான் பாத்தேன் அண்ணே. எங்க ஊர்ல நியூட்ரல்ல இறங்கினா எண்ணெய்தான் மிச்சம் வரும், ஆள் மிச்சம் வராது. சாயங்காலம் திரும்பி வரும்போது நெடுந்தீவுத் துறையிலயும் இதே மாதிரி இறங்கணும். அதைப் பாத்துட்டுத்தான் கடிதம்.”

நெடுந்தீவில் தாங்கியை இறக்கினோம். பகல் முழுக்கக் கல்வேலி ஓரமாய்க் கிணறு கிணறாய்ப் போனோம். மிஸ் அளந்தார், நான் கயிறு பிடித்தேன். வழியில் ஒரு குதிரை நின்று எங்களைப் பார்த்தது. அதற்கு நாலு காலும் தானாய் வேலை செய்தன, பொத்தான் ஒன்றும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பின்னேரம் துறைக்கு வந்தபோது கடல் திரும்பவும் வற்றியிருந்தது. குறிகட்டுவான் அளவுக்குப் பாசி இல்லை, சரிவு மட்டும் அதேதான். ஊர்காவற்றுறைக்காரர், காலையில் தாங்கி நின்ற அதே இடத்தில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

“இந்தமுறை தாங்கி இல்லைக் காணும்! நான்தான் நிக்கிறன். என்னில மேளம் அடிச்சுப்போடாதையும்!”

மலைப் பொத்தானை அமத்தினேன். முதலாம் கியர். இரண்டு காலையும் மிதிகளிலிருந்து எடுத்துப் பின்னுக்கு இழுத்து வைத்தேன். ஆனால் கால் இல்லையே வில்லன், கைதானே. இடக் கையைப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் மடியில் கிடந்தது. அதை நம்பத் தயாரில்லை. பிடித்துத் தொடைக்கு அடியில் தள்ளி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

மிஸ் பார்த்தார்.

ஜீப் முனகிக்கொண்டு இறங்கியது. பாதி வழியில் கை தொடைக்கு அடியில் நெளிந்தது, உண்மையிலேயே நெளிந்தது. இன்னும் கனத்து உட்கார்ந்தேன். பாம்பு விளக்கு ஒருமுறை மினுங்கியது. “நயினை...” என்று தொடங்கி, கீழே விரித்த கையோடு நிற்கிறவரைக் கண்டு, “அந்தோனியாரே!” என்று முடித்தேன். வலக் கையால் மட்டும் ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்து இரும்புப் பலகையில் ஏற்றினேன். தட்டில் சமனானதும் இடக் காலால் கிளச்சையும் வலக் காலால் பிறேக்கையும் மெல்ல மிதித்தேன். ஜீப்புக்கும் விரித்த கைக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் இருந்தது.

“சரி அண்ணே,” என்றார் மிஸ், “ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு இறங்குங்க.”

கையை வெளியே இழுத்தேன். வந்தது, ஆனால் விறைத்துப்போய், யாருடைய கையோபோல் தொங்கியது. ஹேண்ட்பிறேக்கை அதால் பிடிக்கவே ஏலவில்லை. இரண்டு தரம் முயன்றேன், இரண்டு தரமும் வழுக்கிவிட்டது.

மிஸ் குனிந்து, தானே அதை இழுத்துப் போட்டார். பிறகு என் கையைப் பார்த்தார். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது. கண்ணீர் வரச் சிரித்துவிட்டு இறங்கி, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பொனற்றில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கடிதம் காலையிலிருந்தே பைக்குள் இருந்திருக்கிறது. எனக்கும் ஒரு கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. நல்ல வேளை, நான் எழுதுவது வலக் கையால்.