பஸ்ஸில் ஓடிய எங்கள் பாட்டு

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து இசைக்குழுவின் முதல் சீடி அது. விற்றால்தான் அடுத்ததைப் பதிவு செய்யலாம். ராகலை டவுன் சீடிக் கடைக்காரர் ஒன்றுகூட வாங்கவில்லை. "நெட்டுல சும்மாவே கெடக்குதே தம்பி!" எவனோ எங்கள் பெயரை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றியிருந்தான்.

விற்காத சீடிப் பையோடு உடப்புசல்லாவை போகும் பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் எங்கள் பாட்டுத்தான் ஓடியது.

"இது நாங்க போட்ட பாட்டுங்க," என்றேன் கண்டக்டரிடம்.

"சும்மா இருங்க தம்பி, இது இந்தியாப் பாட்டு. தோட்டத்துல யாரு இப்படிப் பாடுறா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட வந்த எங்கள் பாடகன் எழுந்து, சரணம் முழுவதையும் பாடினான்.

"அடேயப்பா, அச்சு அசலா அந்த இந்தியாக்காரன் மாதிரியே இருக்கே!" என்றார் கண்டக்டர்.

பாடகன் சீடி அட்டையிலிருந்த தன் படத்தைக் காட்டினான்.

கண்டக்டர் சிரித்தார். "அடுத்தவன் பாட்டைக் காப்பியடிச்சு, படத்தையும் ஒட்டிக்கிட்டீங்களா?"