ஒத்துப்போன கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு பிரேசர் டவுனில் அவர் கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போனேன். கணக்கை முடிக்க வேண்டும். நாமினி நான்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, விஷயத்தைக் கணினியில் பதிந்தார். நான் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"சார், உங்க அப்பாவோட செக் ஒண்ணு இப்பதான் கிளியரிங்ல வந்து நிக்குது."

"எங்கப்பாவோடதா? அவருக்கு வலது கை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம். ஸ்பூனைக்கூடப் பிடிக்க மாட்டார்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். எழுபதாயிரம் ரூபாய். தேதி, அப்பா போவதற்கு நான்கு நாள் முன்பு. தொகையும் பெயரும் பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில், வேறு யாரோ எழுதியவை. அந்தப் பெயர், லிங்கராஜபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பகலெல்லாம் அப்பாவைக் கவனித்துக்கொண்ட வேலைக்கார அம்மாவுடையது.

"கள்ளக் கையெழுத்து மேடம்."

அதிகாரி இன்னொரு படத்தைத் திறந்தார். கணக்குத் தொடங்கியபோது அப்பா போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்து. இரண்டையும் அருகருகே வைத்தார். அதே நெட்டை முதலெழுத்து, அதே அடிக்கோடு, கோட்டுக்குக் கீழே அதே இரண்டு புள்ளி. கோடு மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"ஒத்துப்போகுது சார். பணமும் இருக்கு. ஆனா ஆள் இறந்தது தெரிஞ்சப்புறம் பாஸ் பண்ண முடியாது. ரிட்டர்ன்தான்."

"செக் எங்கே?"

"அவங்க பேங்க்லயே இருக்கும். போட்டோ மட்டும்தான் இங்க வரும்."

நாள் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இதில் எனக்கு அதிசயம் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் லிங்கராஜபுரத்தில் ஏதோ டிராயரில் கிடக்கிறது. அப்பாவின் கையெழுத்து மட்டும் கிளம்பி, ஊர் பேர் தெரியாத கணினிகளைத் தாண்டி, அவர் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த அதே மேஜைக்கு, அதே காலையில் வந்திருக்கிறது.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. நேராக அந்த அம்மா வீட்டுக்கு வண்டியை விட்டேன். செக் திரும்பிய தகவல் எனக்கு முன்பே அவர் போனுக்கு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் பீசு சார். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும். ஐயா காரியம் முடியற வரைக்கும் அந்தப் பணத்தத் தொடக்கூடாதுன்னு இருந்தேன்."

உள்ளே போய் ஒரு பை எடுத்து வந்தார். பை நிறைய தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள்.

"ஒரு மாசம் எழுதினாரு சார். இடது கையால வலது கையப் புடிச்சிக்கினு. மத்ததெல்லாம் எம் பொண்ணு எழுதுச்சு. கையெழுத்து மட்டும் நான்தான் போடுவேன், என் கையாலதான் குடுப்பேன்னாரு. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். முதல் தாளில் வெறும் கிறுக்கல். பத்துப் பன்னிரண்டு தாள் தாண்டி முதலெழுத்து வந்திருந்தது. பிறகு கோடு. கடைசியாக இரண்டு புள்ளி. அதே வீட்டில் நானும்தான் இருந்தேன்.

பாரத்தோடு ரத்து செய்த செக் ஒன்று கொடுக்க வேண்டும் என்று என் செக் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன். என் கணக்கும் அதே கிளைதான். அங்கேயே உட்கார்ந்து, அதே தொகைக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது.

மறுநாள் அந்த அதிகாரி போன் செய்தார்.

"சார், உங்க செக் வந்திருக்கு. கையெழுத்து ஒத்துப்போகலை. திருப்பி அனுப்பறேன், தப்பா நினைக்காதீங்க."

என் கைக்கு ஒரு நோயும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. போனிலேயே பணத்தை அனுப்பிவிடலாம், ஒரு நிமிட வேலை. அனுப்பவில்லை. சுவரிலிருந்த காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துத் திருப்பி வைத்துக்கொண்டு, என் கையெழுத்தைப் போட்டுப் பழக ஆரம்பித்தேன்.