அக்கா வீட்டில் ஒரு பிரதி

குடும்பப் படங்களை எல்லாம் ஓரிடத்தில் சேமிக்க, வீட்டிலேயே ஒரு சின்ன சர்வர் அமைக்கத் திட்டமிட்டேன். அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க்; ஒன்று பழுதானாலும் மற்றதில் படங்கள் இருக்கும். வீடே தீப்பிடித்தால் என்ன செய்வது? அதற்காக இன்னொரு பிரதியை வேறு ஊரில் வைக்க வேண்டும் என்று படித்தேன். சத்தியமங்கலத்து அக்காவின் நினைவு அப்போதுதான் வந்தது. அவள் கணவரின் காரியத்துக்குப் போனதோடு சரி, பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"வா கண்ணு, சோறாக்கி வெக்கறேன்" என்றாள் போனில்.

எல்லாப் படங்களையும் பிரதி எடுத்த மூன்றாவது டிஸ்க்கோடு கோயம்புத்தூரிலிருந்து போனேன். சாப்பிட்டதும் அதை வாங்கிப் பீரோவில் வைக்கப் போனவள் திரும்பினாள்.

"இதுல உங்க மாமா படம் இருக்குதா? என்ர போன் கெட்டுப் போனதுல எல்லாம் போயிருச்சு."

லேப்டாப்பில் தேடினேன். என் பிள்ளைகளின் பிறந்தநாள்கள், ஊட்டிப் பயணங்கள், எங்கள் நாயின் படங்கள்கூட நூற்றுக்கணக்கில் இருந்தன. மாமா ஒரே ஒரு படத்தில் இருந்தார். எங்கள் புதுவீட்டு விழாவில், சாம்பார் வாளியோடு, பாதி முகம் வெட்டுப்பட்டு. அன்று பந்தி முழுவதையும் ஓடி ஓடிக் கவனித்தவர் அவர்தான். லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினேன்.

"இது போதும் கண்ணு" என்றாள் அக்கா. பிறகு கேட்டாள்: "இந்த டிஸ்க்கை மறுபடி எப்ப மாத்தோணும்?"

புதுப் படங்களைச் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதாகத்தான் திட்டமிட்டிருந்தேன்.

"மாசம் ஒருக்கா வாரேனுங்க அக்கா" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.