தண்ணீர் திருடிய தலைமையாசிரியை

தலைமையாசிரியையாக இருந்த என்னை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கண் முன்னாலேயே, கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வைத்தாள். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குற்றம் என்னுடையதுதான்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் தொடக்கப்பள்ளி. மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். மெயின் ரோட்டுப் பள்ளியோடு எங்களை இணைத்துவிடலாமா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. இணைத்தால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதிப் பேர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். நான் சரியாகத் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது.

அந்த மாதம் நடத்த வேண்டிய பாடம், நீரைக் காக்கும் பழங்குடி மக்கள். மேலிடத்திலிருந்து வீடியோ வந்திருந்தது. அதில் அமெரிக்கப் பழங்குடியினர், தங்கள் ஆற்றருகே எண்ணெய்க் குழாய் பதிக்கக் கூடாதென்று குளிரில் வரிசையாக நின்றார்கள். அங்கே தண்ணீருக்கு முறை வைப்பது யார் என்பதுதான் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே செல்வியை வகுப்புக்கு அழைத்தேன். கணவர் சிங்கப்பூர் போனபின் ஊர் வாய்க்காலில் முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவது அவர்தான். மண்வெட்டியோடு வந்து இரண்டே விதி சொன்னார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயலுக்கு முதலில், மேலே இருக்கும் தலைமடைக்குக் கடைசியில். முறை மீறி மடை திறப்பவர் யாரானாலும் ஊர் நடுவில் நிற்க வேண்டும்.

மறுநாளே பள்ளியின் மோட்டார் எரிந்துபோனது. நாள் முழுக்க ஒரு டிரம் தண்ணீர்தான். பிள்ளைகள் அதற்கும் முறை வைத்துவிட்டார்கள். செல்வியின் மகள், ஐந்தாம் வகுப்பு யாழினி குச்சியோடு காவல். ஒன்றாம் வகுப்பு கடைமடை. ஐந்தாம் வகுப்புக்கும் பின்னால், தலைமடையில் நான். பெருமையாகப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியும் வைத்தேன்.

அதிகாரி வந்தார். வழியில் மூன்று பள்ளிகளில் ஆய்வு, மூன்றிலும் இளநீர். ஜீப்பை விட்டு இறங்கியதும் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார். வாளியோடு டிரம் பக்கம் போனவரை யாழினி மறித்தாள். அதிகாரி என்றால் தலைமடைக்கும் மேலே, எனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டுமாம். பிள்ளைகளிலேயே இன்னும் பதினொரு பேர் பாக்கி. நான் கண்ணால் மிரட்டினேன், காதோரம் கெஞ்சினேன். அவள் அசையவில்லை. அதிகாரி காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

ஒரு குழந்தைக்கு மூக்கைக் கழுவிவிட அவள் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு வாளி மொண்டு அவரிடம் நீட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். "டீச்சர் மடைய ஒடைச்சிட்டாங்க" என்றான் ஒருவன், அமைதியாக. யாழினி கொடிக்கம்பத்தைக் காட்டினாள். போய் நின்றேன். வேறென்ன செய்வது, விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதே நான்தான்.

வாளியும் கையுமாக நின்ற அதிகாரி அவளிடம், "ஏம்மா, அவசரம்னு ஒருத்தர் வந்தா வழி விடமாட்டீங்களா?" என்றார்.

"எங்க வயல் கடைமடை சார். மேல இருக்கிற எல்லாருக்கும் அவசரந்தான். எங்கப்பா மொறை வச்சும் யாரும் கேக்கல. பயிரு கருகிப்போச்சு. அதுக்கப்புறந்தான் அப்பா சிங்கப்பூர் போனாங்க."

அதிகாரி வாளித் தண்ணீரை டிரம்மில் திருப்பி ஊற்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வர இருபது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இணைப்பு வேண்டாம் என்று எழுதிவிட்டுத்தான் போனார். பள்ளி இன்றும் நடக்கிறது.

நீரைக் காப்பவர்கள் யார் என்று படம் காட்டிப் பாடம் நடத்தியவள் நான். பெரிய மனிதர் ஒருவர் வந்து நின்ற உடனே பதினொரு பிள்ளைகளின் தண்ணீரை மொண்டு கொடுத்ததும் நான்தான். தலைமடைக்காரர்களை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். என்னைப் போலவே அவர்களும் ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் வைத்திருந்திருப்பார்கள்.