பத்து நாற்பதுக்கு எடுத்த இரத்தம்

2011ஆம் ஆண்டு, சிட்னியில் குளிர்காலம். வெஸ்ட்மீட்டில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலை பத்து நாற்பதுக்கு என் மகளின் விரல்கள் நடுங்கத் தொடங்கின.

ஏன் அங்கே போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அப்போது பதினேழு வயது. வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பாள். பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும், என் அக்கா கொண்டுவந்து வைக்கும் பாயாசத்தை வெறும் வயிற்றில் பெரிய கோப்பை நிறையக் குடித்துவிட்டு, எங்களோடு கோயிலுக்கு மாலைப் பூசைக்கு வருவாள். தீபம் காட்டும் நேரத்தில் அவளுக்கு வியர்த்து உடம்பு உதறும். கண் எங்கோ நிலைகுத்திவிடும். கூப்பிட்டால் பதில் வராது. முதல் தடவை பயந்துபோனோம். அடுத்த தடவை அக்கா, "அம்மன் வந்திட்டா!" என்று அவள் காலில் விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் விழுந்தார்கள்.

வீடு திரும்பும்போது மகள் காரில் கேட்டாள்: "அப்பா, டெல் மீ த ட்ரூத். எனக்கு விசரோ, பைத்தியமோ?"

அதன்பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. தனியாக ரயில் ஏறவும் பயந்தாள். குடும்ப வைத்தியர், எப்போது சாப்பிட்டாள், எப்போது நடுங்கினாள் என்பதையே திரும்பத் திரும்ப விசாரித்தார். வேறு சில பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படாததால் இதற்கு அனுப்பினார். குளுக்கோஸ் கரைத்த பானத்தைக் குடிக்க வேண்டும். பிறகு விட்டுவிட்டு இரத்தம் எடுத்துச் சீனியையும் இன்சுலினையும் அளப்பார்கள்.

பானத்தைக் குடித்ததும் மகள் முகத்தைச் சுளித்தாள். "மாமியின்ட பாயாசம் பரவாயில்லை."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கதிரையில் இருந்து பாடம் படித்தாள். எனக்கு அதுவே பயமாகிவிட்டது. இங்கேயும் ஒன்றும் அகப்படாவிட்டால் அவளுடைய கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் அவளுடைய பேனை கீழே விழுந்தது. நெற்றி வியர்த்தது. கோயிலில் பார்த்த அதே நடுக்கம், அதே பார்வை. நான் பதறிப்போய்ப் பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்தேன். இரத்தம் எடுக்கும் பெண், தமிழ்நாட்டுக்காரி, ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், ஒரே நிமிஷம்! இப்ப குடுக்காதீங்க. இதைப் பிடிக்கத்தான் காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம்."

பெற்ற பிள்ளை உதறிக்கொண்டிருக்க, உரித்த பழத்தோடு சும்மா நின்றேன். அந்த நிமிடம் போல நீண்ட ஒன்றை நான் அறிந்ததில்லை. அந்தப் பெண் மகளின் விரலில் குத்திச் சிறு கருவியில் பார்த்தாள். சீனி மிகவும் இறங்கியிருந்தது. கையில் ஊசி குத்தி இரத்தத்தால் குழாயை நிரப்பி, அதை உடனே ஐஸ் கிண்ணத்துக்குள் புதைத்தாள்.

"இப்ப குடுங்க, அங்கிள்."

பழமும் ஜூஸும் உள்ளே போன சிறிது நேரத்தில் மகளின் முகம் தெளிந்தது. "அப்பா, கோயில்ல வாற அதேதான்!" என்று சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

அடுத்த வாரம் வைத்தியர் விளக்கினார். வெறும் வயிற்றில் இனிப்பைக் கண்டதும் இவள் உடம்பு தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது. சீனி இறங்கிய பிறகும் அது அடங்குவதில்லை. மூளைக்குச் சீனி போதாமல்தான் அந்த நடுக்கம். வெறும் வயிற்றில் இனிப்பைத் தவிர்த்து, நேரத்துக்குச் சாப்பிட்டால் போதுமாம். நாங்கள் விழுந்து கும்பிட்டதும், தனக்கு விசர் என்று அவள் பயந்ததும் ஒரு விரல் நீளக் குழாய்க்குள் அடங்கிவிட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னபோது அக்கா பாதியிலேயே வைத்துவிட்டார். மனம் நொந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, மகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம் பார்த்து அக்காவும் வந்தார். கையில் பாயாசம் இல்லை, சோற்றுக் கரியர் இருந்தது. மகளைக் குசினி மேசையில் இருத்தி, சோறும் பருப்பும் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மன் வரேல்லையெண்டு ஆரடா சொன்னது? அந்தக் குழாய்க்குள்ள வந்து, பிள்ளைக்குப் பசிக்குது எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. நீ சாப்பிடு, குஞ்சு."