சீரகம் மணத்த சாக்லேட்

மகளின் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை அடுப்பில்லாச் சமையல் போட்டியாம். தேங்காய் உருண்டை பிடித்து சாக்லேட்டில் முக்கி எடுக்கப் போவதாக இவளாகவே முடிவு செய்துவிட்டாள். சாக்லேட்டை உருக்க அடுப்பு வேண்டுமே என்றேன். அதை மட்டும் நீ செய்து கொடு, மற்றதெல்லாம் அடுப்பில்லாமல் நான் செய்கிறேன் என்றாள். பள்ளிக்கூடத்துப் போட்டிகள் எல்லாமே அம்மாக்களுக்கு வைப்பவைதான், உங்களுக்குத் தெரியாததா. கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து சாக்லேட் கட்டியை உடைத்துப் போட்டேன். அது இளகி வாசனை கிளம்பியதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அந்த வாசனை ஆகாது.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அண்ணன் வெளிநாட்டில் மோட்டார் மெக்கானிக். எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தாக வேண்டும். தங்கக் கலர் தாளில் சுற்றி, பேர் ஊர் எதுவும் இல்லாமல் கிலோக் கணக்கில் அள்ளிக்கொண்டு வருவது. வந்தவன் இளைத்தானா கருத்தானா என்பதெல்லாம் பிறகுதான். காரிலிருந்து எத்தனை பெட்டி இறங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவள்தான், சும்மா சொல்லக்கூடாது.

அந்தத் தடவை லீவுக்கு முன்னாலேயே அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“கம்பெனிய மூடிட்டாங்கம்மா. டிக்கெட் மட்டும் போட்டுக் குடுத்திருக்காங்க. வெறுங்கையோடதான் வாரேன்.”

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் உயிரோடு வருகிறான் என்று சந்தோஷப்பட அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. “வெறுங்கையோட வந்து எறங்குனா தெருவுல என்ன பேசுவாக” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அண்ணிதான் வழி சொன்னாள். “நம்மளே செஞ்சிருவோம் அத்த. யூடியூபுல பாத்திருக்கேன். ஒண்ணும் பெரிய வேலையில்ல.”

கேக் சாமான் விற்கிற கடையில் சாக்லேட் கட்டி, உலர் தேங்காய்த் துருவல், டப்பாப் பால், தங்கத் தாள் எல்லாம் வாங்கி வருவது என் பொறுப்பு. கடைக்காரர் பிறந்தநாளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். துருவலில் பாலை ஊற்றிப் பிசைந்து உருட்டி, ஃப்ரிட்ஜில் இறுக விட்டு, உருகிய சாக்லேட்டில் முள்கரண்டியால் முக்கி எடுத்து நெய் தடவிய தட்டில் வைக்க வேண்டும். முதல் ஈட்டில் கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் திரிந்து களிமண்ணாகிவிட்டது. நான் முக்கிய உருண்டைகளைப் பார்த்த அண்ணி, சாணி உருண்டை மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டு என்னைத் தாள் சுற்ற உட்கார வைத்துவிட்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் புளித்த மாவு வாடை. வெளிநாட்டுச் சாக்லேட்டில் இட்லி மாவு மணந்தால் கதை கந்தல் என்று, மாவுச் சட்டியை வெளியே எடுத்து வைத்து எலுமிச்சம்பழத்தால் துடைத்தோம். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்கச் செய்தோம். வீட்டில் எல்லாரும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள்போலக் குசுகுசுவென்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

முன்பு அண்ணன் கொண்டு வந்த வட்டத் தகர டப்பா ஒன்றில் அம்மா சீரகம் போட்டு வைத்திருந்தாள். அதைக் கொட்டிக் கழுவிக் காயவைத்து, சாக்லேட்டை அதில் அடுக்கினாள். எத்தனை கழுவியும் சீரக வாசனை மட்டும் போகவில்லை.

அண்ணன் ஒரு மத்தியான வெயிலில், தோளில் ஒரே ஒரு பையோடு வந்தான். பெட்டியெல்லாம் கார்கோவில் வருகிறது என்று அம்மா எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். உள்ளே வந்ததும் நாங்கள் செய்த கதையை என்னிடம் கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்தவன் ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்து வாயில் போட்டான்.

“நல்லாருக்குடி. இத்தனை வருஷம் கிலோக் கணக்குல வாங்கிட்டு வந்திருக்கேன். ஒண்ணப் பிரிச்சுத் தின்னதில்ல.”

அப்புறம் சத்தமில்லாமல் அழுதான். அன்று இரண்டு விஷயம் சொன்னான். இனிமேல் போகப்போவதில்லை. ரோட்டை ஒட்டிய எங்கள் மாட்டுக் கொட்டகையில் போர் மோட்டார் ரிப்பேர் கடை போடப்போகிறான். மறுநாளே கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் பெஞ்சு எங்கே, போர்டு எங்கே என்று கோடு போட்டுவிட்டான்.

அம்மாவும் அண்ணியும் வீடு வீடாகச் சாக்லேட் கொடுத்தார்கள். நாங்கள் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா மோந்து பார்த்துவிட்டு, “ஒரு வாசன அடிக்கிதுல்ல, அதான் அந்த ஊரு வாசன” என்றார். வீட்டுக்கு வந்து நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

லீவில் வந்தவனை எங்கள் ஊரில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க. டீக்கடையில் அண்ணன் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். “வேல போச்சுண்ணே. இனி இங்கிட்டுத்தான், கடை போடுறேன்.” பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “தெருவுக்கே மிட்டாய் குடுத்துட்டு வேல போச்சுங்கிறியேப்பா. எம்மவனுக்கு விசா கேட்டுருவேன்னு பயமா?” என்றார் சித்தப்பா முறை ஒருவர். அவர் சும்மா விடவில்லை. காசு வந்ததும் சொந்தபந்தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைக்கு முதல் போடக் கடன் கேட்டுப் போன இடத்தில், உன்னிடம் இல்லாததா என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் சொன்னதை யாருமே நம்பவில்லை.

“நம்மதான் மிட்டாய் செஞ்சோம்னு சொல்லிருவோமாடா?” என்று அம்மா கேட்டாள்.

“வேணாம்மா. அப்புறம் ஒங்க மூணு பேரையும்ல சிரிப்பாக.”

யாரோ ஒரு ஏஜென்ட் மூலம் வேறு விசாவில் போய்விட்டான். மெக்கானிக் வேலை இல்லை, பாலைவனத்தில் ஆடு பார்க்கிற வேலை. வெயிலில் மயங்கி விழுந்தான், எழுந்திருக்கவில்லை என்று கூட இருந்தவர் போனில் சொன்னார். ரொம்ப நாள் கழித்து, திருச்சி ஏர்போர்ட்டில் கார்கோ பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கி வந்தோம்.

எழவு வீட்டில் எதிர்வீட்டுப் பெரியம்மா அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார். “கடேசியா அவன் கொண்டாந்து குடுத்த மிட்டாயி இன்னமும் நாக்குலயே நிக்கிதே தாயி.” அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதற்குப் பிறகு அன்று அழவே இல்லை.

இப்போது அந்தத் தங்கத் தாள் சாக்லேட் புதுக்கோட்டை சூப்பர் மார்க்கெட்டிலேயே குவிந்து கிடக்கிறது. லீவில் வருகிறவர்கள் யாரும் சுமந்து வருவதில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அம்மா இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மாவும் இல்லை. அண்ணி புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். மகளுக்காக அளவு கேட்டு நேற்று போன் செய்தேன். துருவலுக்குப் பால் எவ்வளவு என்று சொல்லிவிட்டு, “தண்ணி மட்டும் படாமப் பாத்துக்க” என்றாள்.

ஊரில் அண்ணன் பேச்சு வந்தால் இன்றைக்கும் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவன், தாராளமான கை என்கிறார்கள். இனிமேல் போகமாட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்று டீக்கடையில் சொன்னவனை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவன் கோடு போட்ட சுவர் ரொம்ப நாள் இருந்தது. மழையில் நனைந்தும் அந்தக் கரி முழுசாக அழியவில்லை. போன வருஷம் ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள்.