தறிக்காரர் கண்ணுல பச்சை வெளிச்சம்

கண்ணுக்கு லேசர் வெக்கற ரூம்ல, பேசண்டு தலை ஆடாம புடிச்சுக்கறதுதானுங்க எனக்கு வேலை. லேசருன்னதும் பொகையும் தீப்பொறியும் எதிர்பாப்பீங்க. ஒண்ணும் கெடையாது. காந்திபுரத்துல ஜவுளிக்கடைக்கு மேல ஒரு இருட்டு ரூமு, 'டிக்... டிக்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரைல கண்ணு கெட்டவங்க உங்கள்லயும் இருப்பீங்க, தெரியாததா?

மொட்டை மரம்

பல்லடத்துல பவர்லூம் வெச்சிருந்த சின்னச்சாமியண்ணனுக்குச் சக்கரைல ஒரு கண்ணு போயே போச்சு. மிச்சம் இருந்ததும் மங்கல். தாடைய மிசின்ல வெச்சதும் டாக்டர் உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாத்தாரு. அண்ணன் மூச்சே உடல.

"இருட்டுக்குள்ள எலையே இல்லாத ஒரு மரம் நிக்குதுங்க. நான் பாக்கற பக்கமெல்லாம் கூடவே வருது."

"மரமில்லீங்க, உங்க கண்ணுக்குள்ள ஓடற ரத்தக்கொழாயோட நெழலு"ன்னாரு டாக்டர்.

அண்ணன் மெதுவாக் கேட்டாரு: "அப்ப, என்னை நானே உள்ளயிருந்து பாத்துட்டு இருக்கறனுங்களா?"

நின்ன சத்தம்

அடுத்த தடவைதான் வெனை. டிக், டிக்குன்னு லேசரோட பச்சை வெளிச்சம் உழுந்த வரைக்கும் அண்ணன் செலையாட்ட இருந்தாரு. டாக்டர் கொஞ்சம் நிறுத்துனதும் தலை வெடுக்குன்னு திரும்பிருச்சு. தறிச் சத்தம் நின்னா எங்கியோ நூல் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். ஆயுசுப் பழக்கம், தலை தானாத் திரும்புது. டாக்டருக்கு வேர்த்துப்போச்சு. அந்தப் பச்சை வெளிச்சம் பட்ட எடத்துல செல்லு வெந்து வெள்ளைப் பொட்டாயிரும். தப்பித்தவறி கண்ணுக்கு நட்டநடுவுல ஒண்ணு பட்டுச்சுன்னா இந்தக் கண்ணும் போச்சு.

எனக்கு எந்த மிசின் சத்தமும், யாரு கொரலும் வாயில வருமுங்க. டாக்டர் நிறுத்தறப்பவெல்லாம் அண்ணன் காதுகிட்ட 'டக்கடக் டக்கடக்'குன்னு தறி ஓட்டுனேன். தலை அசையவே இல்ல. முடிஞ்சதும் சொன்னாரு: "உங்க தறிக்கு எண்ணெய் பத்தலீங்க, சத்தத்துலயே தெரியுது."

பக்கத்துல யாரு

கடைசித் தடவை முடிஞ்சு, கண்ணு கூசறது அடங்கட்டும்னு வெளிய பெஞ்சுல உக்கார வெச்சேன். எதிர்ச் செவுத்துக் காலண்டர்ல பெருசாப் போட்டிருந்த தேதிய அண்ணன் கடகடன்னு படிச்சுப்போட்டாரு. பக்கத்துல நின்ன அவரு சம்சாரம் சரசக்கா, மேல பாத்துக் கும்புட்டுச்சு. நான் டாக்டர் கொரலப் போட்டு, "இனி நாளுக்கு நாள் தெளிஞ்சிருமுங்க"ன்னு எடுத்துவுட்டேன்.

அண்ணன் சிரிச்சுக்கிட்டே நேராப் பாத்துக் கேட்டாரு, "சரசு எங்க போச்சுங்க?"

அக்கா அவரு தோளுக்குப் பக்கத்துல, கை எட்டற தூரத்துலதான் நிக்குது.

பெஞ்சுக் கோடில சத்தியமங்கலத்துக்காரம்மா ஒருத்தங்க, அவங்களும் லேசர் வெச்சவங்க, படக்குன்னு சொல்லிப்போட்டாங்க: "ஏனுங்க, அம்மணி உங்க பக்கத்துலயேதான் நிக்குது. இந்த லேசர்ல கண்ணு ஓரத்துல உசுரோட இருக்கறதயெல்லாம் சுட்டுக் கொன்னுதான் நடுப்பார்வையக் காப்பாத்தறாங்க. ஓரத்துல நிக்கறவங்க இனித் தெரிய மாட்டாங்க, இதுக்கு மேல தெளியாதுங்க, எனக்குத் தெளியல."